வாந்தி வராத சனிக்கிழமை

நான் வாந்தி எடுத்தா என் வீட்டுக்காரரு கோபி பாத்ரூம் கதவுக்கு வெளிய நின்னு கை தட்டுவாரு. சத்தம் வராம தட்டணும், பக்கத்து ரூம்ல அவங்கம்மா இருக்காங்க. நான் வாயைக் கொப்பளிச்சுட்டு, கண்ணுல தண்ணி வழிய வெளிய வந்து கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவேன். யாராவது பாத்தா ரெண்டு பேருக்கும் கழண்டுடுச்சுன்னுதான் நினைப்பாங்க. நினைக்கட்டும், எனக்கென்ன.

எட்டாவது வாரம் எனக்கு. எப்படி இருக்கும்னு கேக்கறீங்களா? கண்ணு முழிக்கறதுக்கு முன்னாடியே வாயெல்லாம் எச்சில் ஊறும். நாக்குல ஒரு ரூபா காசை வெச்ச மாதிரி ஒரு ருசி. தலையைத் தூக்கினா நான் ஒரு பக்கம் போவேன், வயிறு ஒரு பக்கம் போவும். வாந்தி வந்துட்டா கூட பரவாயில்ல. வர்ற மாதிரி வந்து தொண்டையில நின்னு வேடிக்கை பாக்கும் பாருங்க, அதான் கொடுமை. மூக்கு இருக்கே, அதுக்கு வேற பேரு வெக்கணும். மூணு வீடு தள்ளி குக்கர் விசில் அடிச்சா ரேஷன் அரிசியா கடை அரிசியான்னு சொல்லிடுவேன். பேஸ்ட் ஆவாது, ஃபிரிட்ஜைத் தொறந்தா ஆவாது, கோபி போடற சோப்பு சுத்தமா ஆவாது. "மாமா, நீ குளிக்கவே குளிக்காத"ன்னு கையெடுத்துக் கும்பிட்டேன்.

ஆனா ஒண்ணு. அவரு அண்ணனூர் ரயில் ஷெட்ல வேலை பாக்கறாரு. அந்த யூனிஃபார்ம் சட்டையில கிரீஸ் வாசனை வரும் பாருங்க, அது மட்டும் எனக்கு அமிர்தமா இருந்துச்சு. அம்பத்தூர் ஆபீசுக்கு ட்ரெயின்ல போறப்போ பையிலேர்ந்து அழுக்குச் சட்டையை எடுத்து மூக்குல வெச்சுக்குவேன். பக்கத்துல ஒக்காந்திருந்த ஒரு அம்மா எழுந்து லேடீஸ் பெட்டியோட அந்தக் கோடிக்கே போயிட்டாங்க.

இவ்ளோ அவஸ்தையில கைதட்டல் எதுக்குன்னா, அதுக்குக் காரணம் இருக்கு. போன வருஷம் ஆடியிலயும் எனக்கு நாள் தள்ளிப் போச்சு. பதினோரு நாள் இதே குமட்டல், வாந்தி மட்டும் வரலை. பன்னெண்டாவது நாள் காலையில ஒண்ணுமே இல்ல. அப்பாடான்னு ஆறு இட்லி தின்னேன். அதுக்கு மூணாம் நாள் ரத்தம். அவ்ளோதான், போயிடுச்சு. மூணு மாசம் முடியற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு வெச்சிருந்தோம். இருந்தப்போ சொல்லாததை, போனப்புறம் எப்படிச் சொல்றது? அத்தைகிட்ட காய்ச்சல்னு சொல்லிட்டு நாலு நாள் போர்வைக்குள்ள படுத்திருந்தேன். அவங்க மிளகு ரசம் வெச்சுக் குடுத்தாங்க. அந்த ஆறு இட்லியை மட்டும் நான் இன்னும் மன்னிக்கலை.

அதனால இந்தத் தடவை வயிறு பொரட்டினா எனக்குத் திருவிழா. பொரட்டுதுன்னா உள்ள ஆள் இருக்குன்னு அர்த்தம். நானும் கோபியும் அப்படித்தான் முடிவு பண்ணியிருந்தோம்.

அத்தை பேரு கன்னியம்மாள். அண்ணனூர்லயே பொறந்து அண்ணனூர்லயே வாக்கப்பட்டவங்க. என் வாந்திச் சத்தத்தை வெச்சே மொத வாரத்துல கண்டுபிடிச்சுட்டாங்க. அவங்களுக்கு நான் படற பாடு தாங்கலை. "இன்னாமே இது, கொடலே வெளிய வந்துடும் போலக் கீதே. எவ கண்ணு பட்டுச்சோ!"ன்னு தெருவுல ஒவ்வொரு வீடா சந்தேகப்பட்டாங்க. வெள்ளிக்கிழமை வெளக்கு வெக்கற நேரத்துல என்னைக் கெழக்கே பாத்து ஒக்கார வெச்சு, கல்லுப்பு, காஞ்ச மிளகா, முச்சந்தி மண்ணு எல்லாத்தையும் கையில அள்ளி மூணு சுத்து சுத்தினாங்க. மூணு தடவை துப்பச் சொல்லி அடுப்புல போட்டாங்க. ஒரு தும்மல் வரலை, ஒரு கமறல் இல்ல. "பாத்தியா, மொளகா நெடியே இல்ல. அம்மாம் பெரிய கண்ணு பட்டுக் கீது!"ன்னாங்க. நானும் சரிங்கத்தேன்னு சிரிச்சுட்டுப் படுத்தேன்.

சனிக்கிழமை காலையில முழிப்பு வந்தப்போ மணி ஏழு. ஏழு! வாயில எச்சில் இல்ல. மெதுவா தலையைத் தூக்கினேன். தலை ஒழுங்கா எழுந்துச்சு. எனக்குப் பசிச்சுது.

ஐயோன்னு ஓடினேன். ஃபிரிட்ஜைத் தொறந்து தலையை உள்ள விட்டேன். முந்தாநாள் சாம்பாரை மோந்து பாத்தேன். பேஸ்டை விரல்ல பிதுக்கி மூக்கு கிட்ட வெச்சேன். ஒண்ணுமில்ல. கடைசியா கோபியோட சோப்பை எடுத்து மோந்தேன். நல்லா வாசனையா இருந்துச்சு. பாத்ரூம்லயே நின்னு அழுதுட்டேன். கோபி காலை ஷிஃப்ட்டுக்குப் போயிட்டாரு. நாலு தடவை போன் போட்டேன். ரயில் பொட்டிக்கு அடியில இருந்தா அவரு எடுக்க மாட்டாரு.

அத்தை காபியோட வந்தாங்க. மூஞ்செல்லாம் பெருமை. "இன்னிக்கு சத்தத்தையே காணோம்! நம்ம கைராசி அப்பிடி. பாத்தியா?"

எனக்கு வந்துச்சே கோவம்.

"அத்தே, அதைத் திருப்பி எடுங்க."

"எத்தடி?"

"நேத்து சுத்திப் போட்டீங்களே, அத. எனக்கு வாந்தி வேணும்."

"இன்னா ஒளர்ற? அடுப்புல எரிஞ்சு போனத எங்கேர்ந்துமே எடுக்கறது?"

"அது எனக்குத் தெரியாது! உங்களை யாரு சுத்தச் சொன்னது? முச்சந்திக்குப் போவீங்களோ, அம்மன் கோயிலுக்குப் போவீங்களோ, எனக்கு இப்ப வாந்தி வரணும்!"

மாமியாரை இப்படிக் கத்தலாமான்னு கேக்காதீங்க, கத்திட்டேன். கத்தின வேகத்துல மத்ததும் வந்துடுச்சு. ஆடி மாசம், பதினோரு நாள், ஆறு இட்லி, காய்ச்சல்னு சொன்ன பொய், எல்லாத்தையும் மூக்கை உறிஞ்சுகினே கொட்டிட்டேன்.

அத்தை காபி டம்ளரோட அப்படியே தரையில ஒக்காந்துட்டாங்க.

"அப்ப அது காய்ச்சல் இல்லியா?"

"இல்லத்தே."

"நான் ரசத்த எடுத்துகினு வந்து நின்னனே, அப்பக்கூட ஒரு வார்த்த சொல்லலியேடி." எனக்கு பயமா இருந்துச்சு. அத்தை டம்ளரை வெச்சுட்டு, பொடவையை இழுத்துச் சொருகிகினு எழுந்தாங்க. "சரி, எழுந்திரு. வாந்திதானே வேணும்? நான் வர வெக்கறேன்."

பரண்லேர்ந்து நெத்திலிக் கருவாட்டு டப்பா எறங்குச்சு. சனிக்கிழமைங்க! இந்த ஊட்ல சனிக்கிழமை முட்டை கூட உள்ள வராது, பெருமாளுக்கு ஆவாது. அத்தை சாமி அலமாரிக்கு முன்னாடி போய், "பெருமாளே, இது அவசரம், நீ கண்டுக்காத"ன்னு சொல்லிட்டு ஸ்கிரீனை இழுத்து விட்டாங்க. எண்ணெய் காய்ஞ்சு கருவாடு உள்ள விழுந்ததும் தெருவே மணந்துச்சு. மாடியில குடியிருக்கற ஜெபா ஜன்னலைப் படார்னு சாத்தினது கேட்டுச்சு. போன வாரம் இந்த வாசனைக்கு நான் தெரு முனைக்கே ஓடியிருப்பேன். இன்னைக்கு எச்சில் ஊறுச்சு. ஆனா இது வேற எச்சில், பழைய சோத்தைக் கேட்ட எச்சில். பன்னெண்டு நெத்திலி தின்னேன். அழுதுகினேதான் தின்னேன், ஆனா அவ்ளோ ருசி.

"இன்னும் வரலியா?"

"இன்னும் ரெண்டு வைங்கத்தே."

"அடிப்பாவி!"

அப்புறம் அவங்களுக்கே என்ன தோணுச்சோ, ஒரு கை உப்பை அள்ளிகினு, நேத்து சுத்தினதுக்கு எதிர்ப் பக்கமா என்னைச் சுத்த ஆரம்பிச்சாங்க. நான் ஒக்காந்திருக்க, அவங்களே என்னைச் சுத்திச் சுத்தி நடந்தாங்க. மூணாவது சுத்துல செவுத்தைப் பிடிச்சுகினு, "எனக்குத்தான்மே வருது!"ன்னாங்க. நான் குபீர்னு சிரிச்சுட்டேன். அவங்களும் சிரிச்சாங்க. சிரிச்சு முடிச்சதும் திரும்பவும் அதே பயம் வந்துடுச்சு. அவங்களுக்கும் அது தெரிஞ்சுது.

"வா, ஸ்கேன் எடுத்துப் பாத்துடலாம். திங்கக்கிழம செக்கப் வரைக்கும் ஒன்னால தாங்க முடியாது, என்னாலயும் முடியாது."

ஆவடியில ஸ்கேன் சென்டர். ஒரு பாட்டில் தண்ணியைக் குடிச்சுட்டு, அடக்கிகினு ஆட்டோவுல ஒக்காந்து போனோம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அத்தை டிரைவரைத் திட்டினாங்க, நான் அம்மனை வேண்டிகினேன். உள்ள கூப்பிட்டப்போ அத்தையும் கூடவே நுழைஞ்சுட்டாங்க. வெளிய இருக்கச் சொன்ன நர்ஸை அவங்க பாத்த பார்வையில அந்தப் பொண்ணு வழி விட்டுடுச்சு.

வயித்துல ஜில்லுன்னு எதையோ தடவினாங்க. டாக்டரம்மாவுக்கு என் வயசுதான் இருக்கும். ஸ்கிரீனைப் பாத்துகினே இருந்தாங்க, மூஞ்சில ஒண்ணும் தெரியலை. ஏன் பேச மாட்டேங்கறாங்க? நான் மூச்சை விடவே இல்ல. அத்தை என் கால் கட்டை விரலைப் பிடிச்சுகினு நின்னாங்க.

"இதோ பாருங்க"ன்னு டாக்டரம்மா ஸ்கிரீனைத் திருப்பினாங்க. கறுப்புக்குள்ள ஒரு மொச்சைக் கொட்டை. அதுக்கு நடுவுல ஒரு புள்ளி துடிச்சுகினே இருந்துச்சு. ஒரு பட்டனை அமுக்கினாங்க. தையல் மெஷின் ஓடற மாதிரி தடதடதடன்னு ஒரு சத்தம், ரூம் முழுக்க.

"நல்லா இருக்கு. குமட்டல் ஒரு நாள் இருக்கும், ஒரு நாள் இருக்காது. அதுக்காகவா ஓடி வந்தீங்க?"

நான் சிரிக்க ஆரம்பிச்சேன். நிறுத்தவே முடியலை. சிரிச்ச சிரிப்புல வயிறு குலுங்கி, உள்ள போன பன்னெண்டு நெத்திலியும் ஒண்ணா கெளம்பிடுச்சு. நர்ஸ் ஓடி வந்து டப்பாவை நீட்டுச்சு. "வந்துடுச்சு! தாயே, வந்துடுச்சு!"ன்னு அத்தை குதிச்சாங்க. நான் டப்பாக்குள்ள தலையை விட்டுகினே கட்டை விரலைத் தூக்கினேன். டாக்டரம்மா எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தாங்க, அப்புறம் அவங்களும் சிரிச்சுட்டாங்க.

"முதல் குழந்தைதானே?"ன்னு கேட்டுகினே பேப்பர்ல எழுதினாங்க. "அதான் இவ்ளோ ஆர்ப்பாட்டம்."

ஆமான்னு சொல்லத்தான் வாயைத் தொறந்தேன். யாரு கேட்டாலும் அப்படித்தான் சொல்றது.

அத்தை பொடவை முந்தானையால என் வாயைத் தொடைச்சுகினே சொன்னாங்க, "இல்லம்மா, ரெண்டாவது. பெரிசு தங்கல."

டாக்டரம்மா என்னைப் பாத்தாங்க. நான் தலையை ஆட்டினேன். எழுதியிருந்த ஒண்ணை அடிச்சுட்டு ரெண்டுன்னு போட்டாங்க.