மீதி இரண்டு எண்கள்

பதினொன்று இருபதுக்கு லிஃப்ட் பராமரிப்பு நிறுவனத்தின் அலுவலகத்தில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். புகார், சம்பளம், கடிதம் என்று எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் அண்ணி ஒருத்தி. அவளுடைய கணவனின் தம்பி, தலைமை மெக்கானிக், இன்னொருவன். கணவன் நகரத்தின் மறுகோடியில் ஏதோ ஒரு லிஃப்டின் குழிக்குள் வேலையாக இருந்தான். குழிக்குள் செல்போன் எடுக்காது.

கணினித் திரையில் சிவப்பு எழுத்தில் ஒரு அறிவிப்பு. நிறுவனத்தின் இணையப் பெயருக்குப் பதிவுக்காலம் முடிந்து முப்பது நாள் ஆகிறது, புதுப்பிக்க இன்று பகல் பன்னிரண்டு மணி வரை அவகாசம். அதற்குக் கீழே சின்ன எழுத்தில்: இந்தப் பெயருக்காக ஒருவர் முன்பதிவு செய்து காத்திருக்கிறார்.

“விட்டுத் தொலைப்போம் அண்ணி. வேற பேரு வாங்கிக்கலாம். நூறு பேரு சும்மா கிடக்குது.”

“வாங்கலாம். முன்னூத்துப் பன்னிரண்டு லிஃப்ட்ல தகடு அடிச்சு வெச்சிருக்கியே, அந்தப் பேரை நாக்கால அழிப்பியா?”

ஒவ்வொரு லிஃப்டிலும் பொத்தான்களுக்கு மேல் எஃகுத் தகடு பதித்து, அதில் இணையப் பெயரை வெட்டவைத்தது தம்பிதான். உள்ளே மாட்டிக்கொள்பவர் அந்தப் பக்கத்தைத் திறந்து ஒரு தட்டுத் தட்டினால், ஐந்து மெக்கானிக்குகளின் போன்கள் ஒரே நேரத்தில் அலறும். அலுவலக எண்ணும் தகட்டில் உண்டு, ஆனால் அலுவலகம் பூட்டியிருந்தால் அதை எடுக்க ஆளில்லை. இன்று காலையிலிருந்து அந்தப் பக்கம் வெறும் வெள்ளையாகத் திறக்கிறது. பன்னிரண்டு மணிக்கு மேல் அது யாருடையதோ ஆகிவிடும்.

லிஃப்டுகளுக்கெல்லாம் பராமரிப்புத் தேதி குறித்த பலகை சுவரில் தொங்கியது. ஆறு வருடத்தில் ஒரு தேதியும் தவறியதில்லை. இணையப் பெயர் ஒரு லிஃப்ட் அல்ல என்பதால் பலகையில் அதற்கு இடமில்லாமல் போயிற்று.

கணக்கைத் திறக்க, பதிவு செய்த செல்போனுக்கு ஆறு இலக்க ஓடிபி வரும். பதிவு செய்த அன்று தம்பி தன் சொந்த எண்ணைக் கொடுத்திருந்தான். அந்த சிம்மைத் தூக்கிப்போட்டு இரண்டு வருடமாகிறது. இது நினைவுக்கு வருவதற்குள் ஒரு ஓடிபி போய்விட்டது. மூன்றுக்கு மேல் கேட்டால் கணக்கு ஒரு நாள் பூட்டிக்கொள்ளும்.

அண்ணி இரண்டாவது ஓடிபியை அனுப்பிவிட்டு, அந்தப் பழைய எண் இப்போது யாரிடம் இருந்தாலும் சரி என்று அதற்கே போன் செய்தாள். ஒரு பெண் எடுத்தாள். பின்னால் வாளியில் தண்ணீர் விழும் சத்தம். விஷயத்தை அண்ணி ஒரே மூச்சில் சொன்னாள்.

“ஓடிபியா? யார் கேட்டாலும் சொல்லாதேன்னு பேங்க்ல மாசாமாசம் மெசேஜ் போடுறான். நீங்க அந்த யாருல சேர்த்தி இல்லையா?”

“மெசேஜ்ல எங்க சைட் பேரு இருக்கும் பாருங்க. அது என்னன்னு நான் சொல்றேன்.”

“திருடனும்தான் சொல்லுவான்.”

போன் வைக்கப்பட்டது.

“விவரமான பொம்பளை” என்றாள் அண்ணி.

“நமக்குன்னு பார்த்து விவரமா வாய்க்குது.”

மணி பதினொன்று முப்பத்தாறு. அண்ணி மறுபடி எண்ணை அழுத்தினாள்.

“கட் பண்ணிடாதீங்க. நான் சொல்ற எதையும் நம்பவேண்டாம். பக்கத்துல எந்த லிஃப்ட் இருந்தாலும் உள்ளே போய்ப் பாருங்க. பட்டனுக்கு மேல தகடு இருக்கும். அதுல எங்க பேரு இருந்தா, கீழே இருக்கிற நம்பருக்கு நீங்களாவே கூப்பிடுங்க. உங்களை ஏமாத்துறதுக்காக ஊர்ல இருக்கிற லிஃப்ட்ல எல்லாம் ஒருத்தன் தகடு அடிச்சு வெச்சிருப்பானா?”

வாளித் தண்ணீரின் சத்தம் நின்றது. “வேற கம்பெனி லிஃப்டா இருந்தா?”

“எங்க தலையெழுத்து.”

பார்க்கிறேன் என்றோ மாட்டேன் என்றோ சொல்லாமல் அவள் வைத்துவிட்டாள்.

அதன்பிறகு இருவரும் மேஜை மேலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதினொன்று நாற்பத்து நான்குக்கு அது அடித்தது. ஏதோ குடியிருப்பிலிருந்து ஒருவர், இணையப் பக்கம் திறக்கவில்லை என்றார்.

“யாராவது உள்ளே மாட்டியிருக்காங்களா சார்?”

“இல்ல, சும்மா திறந்து பார்த்தேன்.”

“நல்லது சார்” என்று அண்ணி அவர் பேச்சின் நடுவிலேயே வைத்தாள்.

பதினொன்று ஐம்பத்தொன்றுக்கு மறுபடி மணி.

“உங்க தகடு கிடைச்சுது. நான் கூட்டித் துடைக்கிற கட்டடத்துலயே இருக்கு. லிஃப்ட் நின்னு பதினெட்டு நாள் ஆச்சு. தகடு மட்டும் பளபளன்னு இருக்கு.”

“எந்தக் கட்டடம்மா?”

“கீழே மருந்துக்கடை, ஆறு மாடி.”

“மருந்துக்கடைக் கட்டடம்” என்று அண்ணி சொன்னதும் தம்பி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான். அந்தக் கட்டடத்தின் பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்துபோயிருந்தது. புதுப்பிக்கச் சொல்லிக் கேட்கப் போனவனை, “நட்டு முறுக்குறவன்கிட்ட எனக்கென்ன பேச்சு” என்று கட்டடத்தின் செயலாளர் பத்துப் பேர் முன்னால் திருப்பி அனுப்பியிருந்தார். இனி அந்த வாசலை மிதிப்பதில்லை என்று தம்பி அங்கேயே சொல்லிவிட்டு வந்திருந்தான்.

முந்தைய ஓடிபி காலாவதியாகியிருந்தது. அண்ணி கடைசி ஓடிபியை அனுப்பினாள்.

“வந்திருச்சு. எழுதிக்குங்க. நாலு, ஒன்பது, பூஜ்யம், ஏழு.”

“அப்புறம்?”

“மீதி ரெண்டு என்கிட்ட இருக்கட்டும். தினம் வாளித் தண்ணியோட ஆறு மாடி ஏறுறேன். உங்க ஆளு கிளம்பட்டும், சொல்றேன்.”

அண்ணி போனின் வாயைப் பொத்திக்கொண்டு, அவள் கேட்டதைத் தம்பியிடம் சொன்னாள்.

“கிளம்பியாச்சுன்னு சொல்லுங்க அண்ணி. அவளுக்கு என்ன தெரியப்போகுது?”

அண்ணி அவனைப் பார்த்தபடியே கையை எடுத்தாள். “இன்னும் கிளம்பலைம்மா. இங்கேதான் நிக்கிறார்.”

“நிக்கட்டும். நானும் நிக்கிறேன்.”

பதினொன்று ஐம்பத்தைந்து.

“அந்தாளு மூஞ்சில நான் முழிக்கணுமா?”

“படி ஏறுறது அந்தாளா?”

தம்பி கருவிப் பையை எடுத்தான். அதில் இருந்த ஸ்பேனர்களெல்லாம் அவனுக்குப் பதிலாகக் கோபப்பட்டன.

“என்ன சத்தம்?” என்றாள் அந்தப் பெண்.

“பையைத் தூக்கிட்டார்.”

“வண்டிச் சத்தம் கேக்கணும்.”

அண்ணி போனை வயர் நீளும் மட்டும் இழுத்து ஜன்னலில் நீட்டினாள். கீழே தம்பி வண்டியை உதைத்தான். கிளம்பவில்லை. மறுபடி உதைத்தான். மூன்றாவது உதையில் அது உறுமிக்கொண்டு தெருவில் இறங்கியது.

“ரெண்டு. அடுத்தது, இருங்க, வெளிச்சத்துக்கு வந்துக்கிறேன். மூணு.”

அண்ணி தட்டினாள். திரையில் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது. புதுப்பிக்கப்பட்டது என்று வந்தபோது பதினொன்று ஐம்பத்தெட்டு. வந்த கையோடு பழைய செல்போன் எண்ணை அழித்துத் தன் எண்ணைப் போட்டாள்.

“கிடைச்சுதா?” போனில் அவள் இன்னும் இருந்தாள்.

“கிடைச்சுது.”

“இப்ப அவரைத் திரும்பி வரச்சொன்னாலும் எனக்குத் தெரியாது.”

அண்ணியின் செல்போன் மேஜைமேல்தான் கிடந்தது. தம்பி இன்னும் முதல் சிக்னலைக்கூடத் தாண்டியிருக்க மாட்டான்.

“கால் மணி நேரத்துல வந்துருவார்” என்றாள் அண்ணி. “கொஞ்சம் கோபமா இருப்பார். செகரட்டரி வந்து யாரு வரச்சொன்னதுன்னு கேட்டா?”

“நான்னு சொல்லச் சொல்லுங்க” என்றாள் அவள். “மாசத்துக்கு நாலு தடவை என்னைத்தானே வேலையை விட்டு நிறுத்துறார். அஞ்சாவதா இருக்கட்டும்.”

வாளியை லிஃப்ட் வாசலிலிருந்து நகர்த்தும் சத்தம் கேட்டது.