மனுவாவைத் தரையில் விடாதே

1

இந்தக் கதை எனக்கு ஒரு வசவிலிருந்து கிடைத்தது. பன்னிரண்டு வருடமாக இந்தத் தீவில் குடியிருக்கிறேன். போன வாரம் பக்கத்து வீட்டு ஹினாநூயின் கிழங்குப் பாத்தியைத் தெரியாமல் மிதித்துவிட்டேன். "மிதிச்ச எடமெல்லாம் உன்னுதாயிடும்னு நெனப்போ? பெரிய ராசா!" என்றாள். அவளிடம் மன்னிப்புக் கேட்பதை விட்டுவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதல் தொடக்கம்: கடல் அன்று அமைதியாக… (வேண்டாம். இங்கே எல்லோர் கதையிலும் கடல் அமைதியாகத்தான் இருக்கிறது.)

இரண்டாம் தொடக்கம்: பாவோவுக்குத் தோள் வலித்தது.

இதுவே இருக்கட்டும்.

2

அந்தக் காலத்தில் அரசன் மனுவாவுக்கு வயது ஐந்து. அவன் கால் பட்ட மண் அவனுக்கே சொந்தம். அவன் சொல்லாமல் அதில் ஒரு கிழங்குகூடப் பிடுங்க முடியாது. அதனால் தன் வேலிக்குள் நடப்பான், வேலி தாண்டினால் பாவோவின் தோளில்தான். வேறு யாரும் அவனைத் தொடவும் கூடாது.

அவனுக்காக நாட்டை ஆண்டவர்கள் இருவர்: மாமன் ராய்ஹாவ், அத்தை தேரூரா. (சித்தப்பா ஒருவரையும் எழுதியிருந்தேன். தின்பதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை; அடித்துவிட்டேன்.)

3

"டேய் பாவோ, நாளைக்கு ஊர்வலத்துல தேரூரா வயல்கிட்ட உனக்குக் கால் இடறுது. புரியுதா?" என்றான் ராய்ஹாவ்.

"எனக்கு இடறாதுங்க ஐயா."

"இடறும்டா. இல்லேன்னா உன் தோட்டத்துல பையன எறக்கச் சொல்லி உத்தரவு போட்டுடுவேன்."

அடுத்து தேரூரா வந்தாள். "ராய்ஹாவ் தோப்புல பிள்ளைய எறக்கிடுப்பா, நல்லாயிருப்பே. மாட்டேன்னியோ, உன் தோட்டத்துல திருவிழா வெச்சு ராசாவ ஆட விட்டுடுவேன்."

பாவோவிடம் இருந்ததே பத்தடித் தோட்டம். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் அதை நம்பித்தான் இருந்தார்கள். யார் பேச்சைக் கேட்டாலும் மற்றவர் பறித்துவிடுவார்.

(பாவோ இவ்வளவு நல்லவனா? முந்தைய பிரதியில் இரண்டு பேரிடமும் பன்றி வாங்கித் தின்றான். எனக்கு அவனைப் பிடித்திருந்தது. என் மனைவிக்குப் பிடிக்கவில்லை.)

4

மறுநாள் ஊர்வலம். வயலும் தோப்பும் பாவோவின் தோட்டமும் சேரும் முக்கு வந்தது. ஆள்பவர்கள் இருவரும் பாவோவின் காலையே பார்த்துக்கொண்டு நடந்தார்கள்.

"இடறுதா?" என்றான் மாமன்.

"அந்தப் பக்கமா இடறட்டும்ப்பா," என்றாள் அத்தை.

"பாவோ மாமா, கோழி!" என்றான் அரசன். "எறக்கி விடு மாமா. ஒரே ஒரு தடவ."

எப்படியும் போகப்போகிற தோட்டம், கேட்கிற பிள்ளைக்கே போகட்டும் என்று பாவோவுக்குத் தோன்றியது. தன் பாத்தியிலேயே இறக்கிவிட்டான்.

"இது இப்ப என்னுதா?"

"ஆமா ராசா."

"அப்ப நீயே வெச்சுக்க. எனக்குக் கோழி போதும்."

கோழி தேரூராவின் வயலுக்குள் ஓடியது. அரசனும் ஓடினான். வயல் போயிற்று. கோழி தோப்புக்குள் திரும்பியது. தோப்பும் போயிற்று.

"பாவோ, புடிடா!"

"புடிப்பா, நல்லாயிருப்பே!"

பாவோ கிழங்குகளுக்கு நடுவே உட்கார்ந்து தோளைத் தேய்த்துக்கொண்டான். "எனக்குக் கால் இடறிடுச்சுங்க," என்றான்.

5

"கடைசியில் அரசனைப் பிடித்து…" என்று எழுதிப் பார்த்தேன். கை ஓடவில்லை.

வேலிக்கு வெளியே முதல்முறையாக ஓடுகிற பிள்ளை. இந்த வேகத்தில் சாயங்காலத்துக்குள் தீவு முழுக்க அவனுடையதாகிவிடும். ஆள்பவர்களுக்கு நிற்க ஓர் அடி மண் இருக்காது. முடிவு வேண்டுமென்றால் யாராவது அவனைப் பிடிக்க வேண்டும். எனக்கு மனசு வரவில்லை. உங்களுக்கு வந்தால், நீங்களே போய்ப் பிடியுங்கள்.