இடது காலுக்கு வேலையில்லை

யாம்பா சாவியைத் திருப்பியதும் வண்டிக்குள்ளிருந்து ஒரு பெண் ஜப்பானிய மொழியில் வெகு பணிவாக என்னவோ சொன்னாள். அவர் திடுக்கிட்டுப் பின்னிருக்கையைத் திரும்பிப் பார்த்தார். அங்கே மகள் கசூபா மட்டும் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"என்னவாம் அவளுக்கு?"

"வணக்கம் சொல்றா போல," என்றாள் பக்கத்தில் இருந்த மனைவி முத்தாலே. "நீங்களும் ஒரு வணக்கம் வைங்க. கப்பல் ஏறி வந்திருக்கா பாவம்."

பழைய வண்டி கசூபா பிறந்த வருஷம் வாங்கியது. இருபத்திரண்டு வருஷம் ஜாம்பியாவின் கிட்வே நகரத் தெருக்களில் ஓடி, அது யாம்பாவுக்கு மட்டுமே கட்டுப்படும் ஒரு பிராணியாகிவிட்டிருந்தது. மூன்றாவது கியர் விழவேண்டுமானால் கம்பியை நெஞ்சோடு சேர்த்து இழுக்க வேண்டும். மழை வந்தால் வைப்பரைக் கயிற்றால் இழுக்க வேண்டும். ஒன்பது வருஷத்துக்கு முன் முத்தாலே ஓட்டுநர் பள்ளிக்குப் போய் முதல் முறையிலேயே லைசென்ஸ் வாங்கி வந்தபோது, "இது உன் கைக்கு அடங்காது, கசூபா அம்மா" என்றார். அகங்காரத்தில் சொன்னதல்ல. உண்மையிலேயே அடங்கவில்லை. லைசென்ஸ் பீரோவுக்குள் போயிற்று. காலாவதியாகும் போதெல்லாம் அவள் யாரிடமும் சொல்லாமல் போய்ப் புதுப்பித்துக்கொண்டு வந்தாள்.

மூன்று வாரத்துக்கு முன் சந்தை ரவுண்டானாவில் முன்சக்கரம் தனியே கழன்று, நிதானமாக உருண்டுபோய் ஒரு தக்காளிக் கடைக்குள் நின்றது. யாம்பா நசுங்கிய தக்காளி அத்தனையையும் விலைக்கு வாங்கிக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வந்தார். அன்றிரவு சாப்பிடவில்லை. இன்ஜினை மாவு மில்லில் பொருத்த ஒரு மெக்கானிக் எடுத்துப்போனார். அதற்குப் பிறகு வந்ததுதான் இந்த வெள்ளை வண்டி. ஜப்பானில் யாரோ பதினோரு வருஷம் ஓட்டியது. ஆனாலும் நான்கு கதவும் திறந்தன, நான்கும் மூடின. கியர் மாற்றும் வேலையே இல்லை.

அதுதான் வினையாயிற்று. பக்கத்து ஊரான சிங்கோலாவில் முத்தாலேயின் தங்கை வீட்டில் மதியம் விருந்து. தெருமுனை போவதற்குள் யாம்பாவின் இடது கால், இல்லாத கிளட்ச்சைத் தேடி மூன்று முறை பிரேக்கை மிதித்தது. மூன்றாவது முறை கசூபாவின் நெற்றி முன்னிருக்கையில் மோதியது. தேவாலயம் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

அவர் ஓரங்கட்டி வண்டியை அணைத்தார். முத்தாலே மடியில் இருந்த கைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லைசென்ஸ் அதற்குள்தான் இருந்தது. காலையில் எதற்காக எடுத்து வைத்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை. நான் ஓட்டட்டுமா என்று கேட்டால் இவர் முகம் என்ன ஆகும் என்று யோசித்தாள். கேட்கவில்லை.

"அப்பா," என்றாள் கசூபா, நெற்றியைத் தடவிக்கொண்டே. "அம்மாகிட்ட லைசென்ஸ் இருக்கு."

"தெரியும்."

அவர் இறங்கினார். வண்டியின் முன்பக்கமாகச் சுற்றி வந்து முத்தாலேயின் கதவைத் திறந்தார்.

"எழுந்திரு. என் காலு இன்னும் அந்தப் பழைய வண்டியிலதான் உக்காந்திருக்கு."

"நிஜமாவா சொல்றீங்க?"

"விருந்து ஆறிடும், வா."

அவள் இருக்கையை முன்னே இழுத்துக்கொண்டாள். கண்ணாடியைத் திருத்தினாள். மெல்ல அழுத்தினாள். வண்டி எந்த முரண்டும் பண்ணாமல் வழுக்கிக்கொண்டு போனது. நகரம் முடிந்து நெடுஞ்சாலை வந்ததும் அவளுக்கு உரக்கச் சிரிக்க வேண்டும்போல் இருந்தது. சிரிக்காமல் உதட்டைக் கடித்துக்கொண்டாள். மடியிலிருந்து கைப்பை நழுவி விழுந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

யாம்பா கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்து, பழக்கதோஷத்தில், இன்ஜினின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்க ஒன்றுமே இல்லை. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"இந்தப் பள்ளிக்கூடம் எப்போ கட்டினாங்க?"

"ஆறு வருஷமாச்சுங்க."

"அந்தக் குன்று?"

"அது சாமி வச்சதுப்பா," என்றாள் கசூபா.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு ஈரமண் வாசனையை மூக்கு நிறைய இழுத்தார். முதல் மழைகள் பெய்து முடிந்த பருவம். சாலையோரம் பெண்கள் காளானைக் குவித்து வைத்துக் கையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நிறுத்து."

முத்தாலே சட்டென்று ஓரங்கட்டினாள். "என்னாச்சு? என்ன தப்பு பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல. காளான் வாங்கணும். இந்த வழியில நான் ஒரு நாளும் நிறுத்தினதில்லை. நின்னா கிளம்பாதுன்னு பயம்."

விற்பவளோடு வெகுநேரம் சிரித்துப் பேசிவிட்டு, குவியலிலேயே பெரியதாக, தாம்பாளம் அகலத்துக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். பின்னால் வைக்கச் சொன்னால் கேட்கவில்லை. ஒடிந்துவிடுமாம். தேவாலயத்துக்குப் போட்டுப்போகும் கால்சட்டையில் செம்மண் கொட்ட மடியிலேயே வைத்துக்கொண்டார். முத்தாலே வண்டியைக் கிளப்பினாள். சாலை இடப்பக்கம் வளைந்தபோது ஓரக்கண்ணால் பார்த்தாள். அந்த அகலமான வட்டக் காளானின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவர் அதை மெதுவாக இடப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்.