யாரிடமும் இல்லாத நகல்

"நான் அங்கேயே தங்கிக்கட்டுமா?" என்று கணவன் கேட்டபோது, "உங்க இஷ்டம்" என்றுதான் அவள் சொன்னாள்.

"என் இஷ்டம் எனக்குத் தெரியும். உன்னத்தான் கேக்கறேன்."

அவள் குக்கரைத் திறக்கப் போய்விட்டாள். வேலை கிடைத்த ஊருக்கு அவன் பெட்டியோடு போய் வருஷம் ஓடிவிட்டது. வந்துவிடுங்கள் என்ற ஒரு வார்த்தை மட்டும் அவள் தொண்டையைத் தாண்டவே இல்லை.

இன்று மதியம் கல்லூரி லேபில் வகுப்புக்காக சர்வரைத் திறந்தாள். கணினி அறிவியல் மாணவர்களுக்கு அவள் நடத்துவது வெர்ஷன் கன்ட்ரோல்: ஒரு நிரலில் யார், எதை, ஏன் மாற்றினார்கள் என்ற வரலாற்றைக் காத்துவைக்கும் முறை. அதற்கான பயிற்சி நிரல், கணவனும் இதே கல்லூரியில் இருந்தபோது இருவரும் சேர்ந்து எழுதியது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் அவன் குறும்பாக ஒரு காரணம் எழுதிவைப்பான். 'மாத்தியாச்சு. வீட்டம்மா உத்தரவு.' தனிமை தாங்காத நாட்களில் அவள் திறந்து படித்தது அதைத்தான்.

சர்வரில் இருந்த அந்த வரலாறு இப்போது ஒரே சொல்லாகச் சுருங்கிக் கிடந்தது: 'ஃபைனல்'.

புயல் என்று பட்டம் வாங்கியிருந்த மாணவன் எழுந்தான். "என் 'ஃபைனல்' ஃபைல சர்வர் ஏத்துக்கவே மாட்டேன்னுச்சு மேம். ஃபோர்ஸ் போட்டேன், பழசெல்லாம் அழிச்சிட்டுக் கப்புனு போயிடுச்சு."

வரலாற்றோடு நகலெடுங்கள் என்று முதல் வகுப்பிலிருந்து கரடியாகக் கத்தியிருந்தாள். வகுப்பு மொத்தமும் சுலபமாக இருக்கிறதே என்று ஜிப் ஃபைலாக இறக்கியிருந்தது. ஜிப்பில் வரலாறு வராது. அவளுடைய நகல் இருந்த டிஸ்க் போன மாதமே மண்டையைப் போட்டிருந்தது. சர்வரில்தான் இருக்கிறதே என்று அவளும் சும்மா இருந்துவிட்டாள். ஊருக்குப் பாடம் நடத்துகிறவளின் லட்சணம் அது. திட்டக்கூடத் தெம்பில்லாமல் அவனை உட்காரச் சொன்னாள்.

மிச்சம் கணவனின் லேப்டாப்பில் இருக்கும் நகல்தான். வராந்தாவுக்கு வந்து போன் செய்தாள். பேச ஒரு சாக்கு கிடைத்ததே என்று வெட்கங்கெட்ட மனசு கொஞ்சம் துள்ளியது.

"எல்லாருமா ஜிப்ல எறக்குனாங்க? ஒருத்தன்கூடவா உருப்படல?" என்று விஷயத்தைக் கேட்டுச் சிரித்தவனின் குரல், அவனுடைய நகலை அவள் கேட்டதும் சட்டென்று இறங்கியது. அந்த லேப்டாப்பை முழுக்கத் துடைத்து, அக்கா மகளுக்குக் கொடுத்துவிட்டானாம்.

"சர்வர்ல இருக்கேன்னு நெனச்சேன்மா."

உள்ளே நாற்காலிகள் இழுபட்டன. யாரோ விசிலடித்தார்கள். கேட்க வந்த விஷயம் அத்தோடு முடிந்துவிட்டது. இனி எதைச் சொல்லி இவனைக் கூப்பிடுவது?

"வேற ஒண்ணும் இல்லையே? வச்சிடட்டுமா?"

அவள் சுவரில் நெற்றியை அழுத்திக்கொண்டாள்.

"வைக்காதீங்க. என்னால முடியலங்க. வீட்டுக்கு வந்துடுங்க."