ஃபியூஸ் கட்டைகள்

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த துணி மூட்டையின் முடிச்சு ஈரத்தில் இறுகிப்போயிருந்தது. கொல்லையில் உட்கார்ந்து கனகம் அதைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். கணவனின் காக்கி பேண்ட் துவைகல்லில் விழுந்ததும் 'டக்'கென்று சத்தம் கேட்டது.

வாசல் பந்தலில் பிஸ்கட் கம்பெனி மேனேஜர் பேசுவது அங்குவரை கேட்டது. "ஏகாம்பரம் மாதிரி மெயின்டனன்ஸ் இன்ஜினியர் இனிமே கிடைக்கமாட்டார். நேத்து என்ன அவசரமோ, கரண்ட் கட் பண்ணாமலே மாவு மிக்சருக்குள்ள இறங்கிட்டார்."

விடிந்ததிலிருந்து வருகிறவர்களிடமெல்லாம் இதையே சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர்கள் உச்சுக்கொட்டினார்கள். கொழுந்தன் இளம்பரிதிகூட அண்ணன்மேல்தான் தப்பு என்பதுபோல் தலை குனிந்திருந்தான்.

கனகம் பேண்ட் பாக்கெட்டில் கைவிட்டாள். பீங்கான் ஃபியூஸ் கட்டைகள். மூன்று.

வீட்டில் ஒரு சுவிட்சை மாற்றுவதென்றாலும் கட்டையைப் பிடுங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டுதான் ஏகாம்பரம் ஸ்டூலில் ஏறுவான். "இது எங்கிட்ட கீற வரைக்கும் கரண்டு வராது" என்பான்.

அப்படியென்றால் மிக்சர் எப்படிச் சுற்றியது?

கட்டைகளோடு அவள் பந்தலுக்கு வந்து மேனேஜர் முன்னால் நின்றாள்.

"கரண்ட் கட் பண்ணலன்னீங்களே சார். இது இன்னா?"

மேனேஜர் எழுந்துவிட்டார். "ஏதாவது பழைய கட்டையா இருக்கும்மா. எஸ்.ஐ. வர்ற நேரம், இதெல்லாம் எதுக்கு? குடுங்க, நான் வச்சிக்கிறேன்."

நீட்டிய கையைப் பார்த்தபடியே கனகம் பின்னால் நகர்ந்தாள்.

மழையில் நனைந்துகொண்டு தெருவோரம் நின்றிருந்த மிக்சர் ஆபரேட்டர் நடேசன் பந்தலுக்குள் வந்தான். "நான்தாங்க்கா வேற கட்ட போட்டேன். அண்ணன் உள்ள கீறாரான்னு கேட்டேன். அவரு வெளிய ஏறிட்டாரு, வேல நிக்குது, போடுடான்னு இந்த மேனேஜருதான் கத்துனாரு. நான் ஒருவாட்டி எட்டிப் பாத்திருக்கணுங்க்கா..."

முடிக்குமுன் இளம்பரிதி அவன் சட்டையைப் பிடித்துவிட்டான். "எங்கண்ணனக் கொன்னுட்டு எங்க வூட்டாண்டயே வந்து நின்னுகினுகீறியா?" இன்னொரு கையில் விறகுக்கட்டை. நடேசன் தடுக்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டான்.

கனகம் நடுவில் புகுந்தாள். விறகு அவள் தோளை உரசி நின்றது.

"வுடு அவன."

"அண்ணி, இவன்..."

"வுடுன்றேன். இப்ப சொன்னத எஸ்.ஐ. கிட்டயும் அவன் சொல்லணும்." நடேசனிடம் திரும்பினாள். "சொல்லுவியா?"

"சொல்றேங்க்கா. வேல போனாலும் சொல்றேன்."

மேனேஜர் தன் ஜீப்பை நோக்கி வேகமாக நடந்தார். துக்கத்துக்கு வந்திருந்த கம்பெனி ஆட்கள் ஒவ்வொருவராக வந்து ஜீப்பை மறித்து நின்றார்கள். டிரைவர் ஹாரன் அடித்தான். ஒருவரும் நகரவில்லை.

கனகம் உள்ளே போய்க் கணவன் தலைமாட்டில் உட்கார்ந்தாள். முகம் மட்டும் தெரியும்படி சுற்றியிருந்தார்கள். இடது புருவத்தில் பிஸ்கட் மாவு காய்ந்து ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டப் போனவள் நிறுத்திக்கொண்டாள். முந்தானையைச் சொம்புத் தண்ணீரில் நனைத்து அதன்மேல் வைத்து, மாவு ஊறட்டும் என்று காத்திருந்தாள்.