சர்தார் பாயின் குறுக்கு விசாரணை

தொப்பூர் கணவாயில் லாரி மோதினால் சாட்சி சொல்ல ஆள் கிடைக்காது. எதிரிலேயே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட, "நான் அந்தப் பக்கமே திரும்பலீங்க" என்று டம்ளரை வைத்துவிட்டு நழுவிவிடுவார்கள். அதனால், நஞ்சப்பனின் எருமை லாரியில் அடிபட்டுச் செத்த அன்று, ரோட்டோரம் ஹோட்டல் வைத்திருந்த சர்தார் பாய் தானாகவே போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்து போய், "நான் பார்த்தேனுங்க, கோர்ட்டுல வந்து சொல்றேனுங்க" என்றதும் ஏட்டு அவரைத்தான் சந்தேகமாகப் பார்த்தார்.

"உங்களுக்கும் அந்த டிரைவருக்கும் ஏதாச்சும் தகராறா, பாய்?"

"முன்னப்பின்ன தெரியாதுங்க."

காரணமே வேறு. வடை கட்டிக் கொடுப்பதற்காகத் தருமபுரியில் பழைய பேப்பர் வாங்கி வருவார் சர்தார் பாய். ஒரு தடவை அந்தக் கட்டுக்குள் ஒரு இங்கிலீஷ் நாவல் இருந்தது. லண்டன் கோர்ட்டில் நடக்கும் கொலைக் கேஸ். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவர் என்பதால் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கினார். ஒரு வாரத்தில் பைத்தியமாகிவிட்டார்.

யார் கொன்றது என்பதுகூட அவருக்குப் பெரிதாகப் படவில்லை. வெள்ளை டோப்பா வைத்த வக்கீல் மெல்ல எழுந்திருப்பார். அன்றைக்கு மழை பெய்ததா, குடையை எங்கே வைத்தீர்கள் என்று சம்பந்தமில்லாமல் கேட்பார். சாட்சியும் அசட்டையாகப் பதில் சொல்வான். திடீரென்று ஒரு கேள்வி வரும். ஆளுக்கு முகம் வெளுத்துவிடும். அடி இல்லை, உதை இல்லை, வெறும் வாய்ப்பேச்சிலேயே ஒரு மனிதனை உரித்து வைத்துவிடுகிறார்களே! கடைசிப் பக்கங்களில் ஏற்கெனவே வடை கட்டிக் கொடுத்தாகிவிட்டதால் அந்தக் கதையின் முடிவு அவருக்குத் தெரியாமலே போயிற்று. அதன் பிறகு பழைய பேப்பர்க் கடைக்காரரிடம் சொல்லிவைத்து, அந்த மாதிரிப் புத்தகங்களாகத் தேடி வாங்கினார்.

ஆனால் ஒரு தடவையாவது சாட்சிக் கூண்டில் ஏறி நிற்க வேண்டும் என்ற ஆசை மட்டும் அடங்கவில்லை.

கேஸ் வாய்தாவுக்கு மேல் வாய்தாவாகப் போனது. ஒவ்வொரு தடவையும் கல்யாணக் கோட்டை மாட்டிக்கொண்டு தருமபுரிக்குப் பஸ் ஏறினார்.

"கோர்ட்டுன்னா எல்லாரும் ஓடி ஒளியறாங்க. நீங்க மாப்பிள்ளையாட்டம் கிளம்பறீங்களே!" என்றாள் மனைவி ஷகிலா.

ஒருவழியாக விசாரணை வந்தது. டோப்பாவும் இல்லை, ஜூரியும் இல்லை. மேலே ஃபேன் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. டிரைவர் மாயவன் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றான். சர்தார் பாய் கூண்டில் ஏறி, லாரி கண்மண் தெரியாத வேகத்தில் வந்து எருமையை மோதியதைப் பார்த்ததாக அரசுத் தரப்புக்குக் கணீரென்று சொன்னார். பிறகு கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எதிர்த்தரப்பு வக்கீலைப் பார்த்தார். இப்போது ஆரம்பிக்கும்.

வக்கீல் பாதிதான் எழுந்தார். "குறுக்கு விசாரணை இல்லை."

சர்தார் பாய் கூண்டை விட்டு இறங்கவில்லை. "ஐயா, ஒண்ணுமே கேக்கலீங்களா?"

"கேக்க என்னய்யா இருக்குது? இறங்கு."

"நான் எங்க இருந்தேன்னாச்சும் கேக்கோணுமில்லீங்களா?"

கோர்ட்டே சிரித்தது. இளவயது மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார். "சரி, நானே கேக்கறேன். எங்க இருந்தீங்க?"

"கல்லாவுலீங்க." சர்தார் பாய்க்கு உயிர் வந்தது. "அடுத்தது, கையில என்ன வச்சிருந்தேன்னு கேக்கோணுமுங்க."

"என்ன வச்சிருந்தீங்க?"

"புஸ்தகமுங்க."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. அன்றைக்குக் கதையில் ஒரு விதவை கூண்டில் நின்று அழ ஆரம்பித்திருந்தாள். அவர் கண் அந்த வரியிலேயே ஒட்டிக்கிடந்தது. படார் என்று சத்தம். நிமிர்ந்து பார்த்தால் எருமை கிடக்கிறது, லாரி நிற்கிறது. மற்றதையெல்லாம் சொல்லிச் சொல்லி அவரே நம்பியிருக்கிறார்.

"அப்போ மோதினதைப் பார்த்தீங்களா, இல்லையா?"

அவருக்கு முகம் வெளுத்தது. "சத்தம் கேட்டுதுங்க. பார்க்கலீங்க."

"லாரி ரொம்ப வேகமா வந்துதுன்னு சொன்னீங்களே?"

"சத்தம் ரொம்ப வேகமா இருந்துதுங்க."

மாயவன் விடுதலையானான். எதிர்த்தரப்பு வக்கீல் சர்தார் பாயைக் கும்பிடாத குறைதான். அவமானத்தில் அவருக்குக் காது சுட்டது. ஆனாலும் பஸ்ஸில் வரும்போது, கூண்டில் தன் முகம் வெளுத்த அந்த நிமிஷத்தை நினைக்க நினைக்க உடம்பு சிலிர்த்தது. அச்சு அசல் லண்டன்!

"சாட்சியை வக்கீலு மடக்குவாருன்னு கேட்டிருக்கேன். தன்னைத்தானே மடக்கிக்கிட்டு வந்த ஆளு நீங்க ஒருத்தர்தான்" என்றாள் ஷகிலா.

ஹோட்டலுக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தவர் நஞ்சப்பன்தான். மறுநாளே நிறுத்திவிட்டார். வெளியிலிருந்து வந்த பாலில் போட்ட டீயை லாரிக்காரர்கள், "என்ன பாய், கழுநீரா?" என்று கேட்டுவிட்டுக் குடித்தார்கள். எதிரில் வந்தால் நஞ்சப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது சர்தார் பாய்க்கு நிஜமாகவே வலித்தது. பத்து வருஷப் பழக்கம்.

தீபாவளி கழிந்து ஒருநாள் காலை, நஞ்சப்பன் பால் கேனோடு வந்து நின்றார்.

"பாய், ஒரு ஒத்தாசை பண்ணோணும். பங்காளி என் மேல வரப்புக் கேஸ் போட்டிருக்கறான். நீங்க சாட்சிக்கு வரோணும்."

சர்தார் பாய்க்குக் கண் கலங்கிவிட்டது. "இவ்வளவு நடந்த பொறவும் என்னை நம்பிக் கூப்பிடறீங்களே, அண்ணே!"

"எனக்கில்ல, பாய். அவன் பக்கம் சாட்சி சொல்லுங்க."

உள்ளேயிருந்து ஷகிலா வந்தாள். "அண்ணே, பாலை வச்சுட்டுப் போங்க. இவரு எங்கயும் வரமாட்டாரு."

நஞ்சப்பன் சிரித்துக்கொண்டே பாலை அளந்து ஊற்றிவிட்டுக் கிளம்பினார். சர்தார் பாய் கல்லாவை விட்டு இறங்கி, ரோடு வரைக்கும் அவர் பின்னாலேயே போனார்.

"சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன், அண்ணே" என்றார் குரலைத் தாழ்த்தி. "உங்க வக்கீலு நல்லாக் கேள்வி கேப்பாருங்களா?"