செல்வமேரி இறந்துபோகும் வரி

1

இந்தச் சுரங்கத்தை நான்தான் தோண்டினேன். ஈயமும் வெள்ளியும் துத்தநாகமும் எடுத்த சுரங்கம் என்று சேர்வராயன் மலையில் ஒன்று கிடையாது. நாகலூர் பஸ்ஸில் ஏறித் தேடிக்கொண்டு போய்விடாதீர்கள். ஏற்காட்டில் ஒரு லாட்ஜில், விடாத மழையில், பேச ஒரு ஆள் இல்லாமல் உட்கார்ந்திருந்தபோது தோண்டியது. தோண்டிய கையோடு மூடியும் விட்டேன். கதைக்கு மூடிய சுரங்கம்தான் நன்றாக இருக்கும்.

2

'பனி இறங்கிய காப்பித் தோட்டங்களுக்கு நடுவே

(வேண்டாம். ஏற்காடு என்றாலே எல்லாரும் பனியை இறக்கிவிடுகிறார்கள்.)

'துருப்பிடித்த கேட்டுக்குப் பின்னால் வாட்ச்மேன் தேவசிகாமணி தனியாக உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி செல்வமேரி போன வருடம் காய்ச்சலில் இறந்துபோனாள்.'

இது நின்றது. இரண்டாவது வரியை எழுத எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

3

மறுநாள் எழுத உட்கார்ந்தால், மனுஷன் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"ஏனுங்க, என்ற பொண்டாட்டிய எதுக்குங்க சாவடிச்சீங்க?"

"கதைக்குக் கொஞ்சம் தனிமை வேண்டியிருந்ததுங்க."

"சொரங்கத்த மூடினீங்க, சரி. ஆளுகளையெல்லாம் சேலத்துக்கு அனுப்பீட்டீங்க, அதுஞ் சரி. அது பத்தலீங்களா? ஒரு காய்ச்சலுக்கா அவ போவா? நொம்பத் தெடமான ஒடம்புங்க அவளுக்கு."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. (கதாபாத்திரத்திடம் திட்டு வாங்குவது எழுதுகிறவர்களுக்குச் சகஜம் என்பார்கள். எனக்கு இதுதான் முதல் தடவை.) அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டேன்.

4

அடித்ததும் செல்வமேரி சோற்றுத் தூக்குப்போசியோடு வந்துவிட்டாள்.

"பாஸ் இல்லாம உள்ள உடக்கூடாதுங்க அம்மிணி," என்றார் தேவசிகாமணி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"ஆமா, உள்ள வெள்ளி கொட்டிக் கெடக்குது பாருங்க, நான் அள்ளீட்டுப் போறதுக்கு! கேட்டத் தொறங்க, சோறு ஆறுது."

சாப்பிட்டார்கள். பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள். பொழுது சாய்ந்ததும் கேட்டைப் பூட்டிவிட்டு இரண்டு பேரும் வீட்டுக்கு நடந்தார்கள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சுரங்கத்தில் நான் மட்டும். லாட்ஜிலும் நான் மட்டும். மழை விடவில்லை. அடித்த வரியை மறுபடியும் எழுதினேன்.

5

இப்போது அவர் என்னைத் திட்டுவதில்லை. டீ போட்டு இரண்டு டம்ளரில் ஊற்றுகிறார். ஒன்று எனக்காக்கும் என்று நினைத்து, கேட்டின் கம்பி வழியாகக் கையை நீட்டினேன்.

"அது உங்களுக்கில்லீங்க," என்றார்.

அவளை வரவழைக்க ஒரே ஒரு வரியை அடித்தால் போதும். என்னால் முடியவில்லை, அவரும் போய்விட்டால் எனக்குப் பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது. உங்களுக்கு அந்தக் கஷ்டம் இருக்காது. புத்தகத்தை மூடினால் உங்கள் வீட்டில் யாராவது இருப்பார்கள். பேனா இருந்தால் எடுங்கள். இரண்டாம் பகுதியில், 'அவர் மனைவி' என்று தொடங்கும் வரி. டீ ஆறுவதற்குள்...